கதவைத் திறப்பதற்கு முன்

மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பலகையில் செய்த ஒரு பெட்டி. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள். அறைகளுக்கு நடுவே சிறு வழிகள். வெளிப்பக்கம் தூக்கி இறக்கக்கூடிய பலகைக் கதவுகள். அமெரிக்கத் தீயணைப்புப் பயிற்சியாளர்கள் இதைப் பொம்மை வீடு என்றே சொல்கிறார்கள். புதிதாக வந்த மாணவர்களைச் சுற்றி நிற்கவைத்து அதைக் கொளுத்திக் காட்டுவது அவர்கள் வழக்கம்.

கீழறை ஒன்றில் தீ மூட்டுகிறார்கள். அது நன்றாகப் பிடித்து எரியும்போது பயிற்சியாளர் கதவை இறக்கி மூடுகிறார். தழல் அடங்குகிறது. இடுக்குகளில் இருந்து மஞ்சளும் பழுப்புமாகக் கெட்டியான புகை கசிகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் புகையின் போக்கு மாறுகிறது. உள்ளே இழுபடுகிறது, வெளியே தள்ளப்படுகிறது, மறுபடி இழுபடுகிறது. பெட்டி மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. முதன்முறை பார்ப்பவருக்குத் தீ அணைந்துவிட்டது என்றுதான் தோன்றும். பயிற்சியாளர் கதவைக் கொஞ்சம் தூக்குகிறார். சில நொடி ஒன்றும் நடப்பதில்லை. பிறகு ‘குபீர்’ என்று தீப்பிழம்பு கதவு வழியே வெளியே பாய்கிறது.

இத்தகைய பாடங்களைப் பலர் கற்பது ஒரு கல்லூரியில். தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி, உடற்தகுதியில் தேறி, வேலைக்குத் தேர்வான பிறகுதான் தீயணைப்புப் பயிற்சி. கலிஃபோர்னியாவில் பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள்: முதலில் பயிற்சி, அதற்குப் பின் வேலை தேடல். இதற்கு இடம் கொடுப்பவை கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் சமுதாயக் கல்லூரிகள். இரண்டாண்டுப் படிப்பு, எளிய சேர்க்கை, குறைந்த கட்டணம். இவற்றில் முதலாவது 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்போது 116 இருக்கின்றன. மாநிலத்தில் வசிப்பவர், பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்குக் கட்டுவது 46 டாலர். சான்டா ஆனா, ஆக்ஸ்நார்ட், சான்டா ரோசா, பியூட் என்று பல கல்லூரிகள் தீயணைப்பு அகாடமி நடத்துகின்றன. நர்சிங்குக்கும் வெல்டிங்குக்கும் விண்ணப்பம் கொடுக்கும் அதே மாதிரியான அலுவலகத்தில்தான் இதற்கும் விண்ணப்பம்.

மேரிலாந்து மாநிலத்தின் எமிட்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தீயணைப்பு அகாடமி, இத்தகைய கல்லூரிகளுக்காக ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. அதில் ஆறு அடிப்படைத் தாள்கள்: எரிதலும் தீயின் போக்கும், கட்டட அமைப்பு, தீத்தடுப்பு, தீத்தடுப்புச் சாதனங்கள், அவசரகாலச் சேவையின் அடிப்படைகள், வீரர்களின் பாதுகாப்பு. தோளில் குழாயைப் போட்டுக்கொண்டு ஓடும் ஆளுக்கு வேதியியல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். வீடுகளுக்குள் தீ எரியும் விதம் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் மாறிவிட்டது என்பதுதான் இதற்குப் பதில். அந்த மாற்றம் புரியாமல் கதவைத் திறப்பவர், காப்பாற்ற வந்த வீட்டைத் தானே கொளுத்திவிடக்கூடும்.

ஒரு மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். திரியில் இருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும். எரியும் தீக்குச்சியை அந்த இழையில், திரிக்கு ஓர் அங்குலம் மேலே காட்டினால் போதும். நெருப்பு புகை வழியாக இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுவத்தி உரைகளில் இந்தச் சோதனையும் உண்டு. தழலாக எரிவது மெழுகின் ஆவி. கட்டி மெழுகு அந்த ஆவிக்கான சரக்கு. விறகும் இப்படித்தான். மரத்தின் சூடு 200, 300 டிகிரி செல்சியஸை எட்டும்போது அது வெப்பத்தால் சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது. தழலாக எரிபவை அந்த வாயுக்கள்.

இதிலிருந்து தீயணைப்பு மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: புகை என்பது இன்னும் எரியாமல் இருக்கும் எரிபொருள். கரித்துகள், கார்பன் மோனாக்சைடு, சிதைந்த பிளாஸ்டிக்கின் வாயுக்கள் எல்லாம் கலந்து, சூடாக, கூரைக்குக் கீழே அடுக்காகத் தேங்கி நிற்கின்றன. குறைவது காற்று மட்டும். அதனால்தான் வகுப்பில் புகையைப் ‘படிக்க’ நான்கு கேள்விகள் சொல்லிக்கொடுக்கிறார்கள்: எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு அடர்த்தி, என்ன நிறம். சோம்பலாக மிதந்து வரும் புகையும், கதவிடுக்கில் இருந்து அழுத்தத்தோடு சுழன்று பீறிடும் புகையும் வேறு வேறு செய்தி சொல்கின்றன. பீறிடும் புகைக்குப் பின்னால் வெப்பம் இருக்கிறது. அந்த அறை எந்நேரமும் முழுவதுமாகத் தீப்பற்றலாம்.

முழுவதுமாகப் பற்றும் அந்தக் கணத்துக்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். கூரையடிப் புகை ஏறத்தாழ 600 டிகிரியை எட்டும்போது அதன் வெப்பக்கதிர் கீழே உள்ள சோபா, கம்பளம், மேசை அனைத்தையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது. தரையில் விழும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் என்பது பாடநூல் அளவு. அதுவரை ஒரு மூலையில் எரிந்த தீ, சில நொடிகளில் அறை முழுக்கத் தீயாகிவிடுகிறது. அதற்குள் இருப்பவர் பிழைக்க வழியில்லை. தீயணைப்பு வீரர் அணியும் மூன்றடுக்கு உடைகூட இந்த நிலையில் எவ்வளவு தாங்கும் என்று கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தரப்படி அதன் குறைந்தபட்ச வெப்பக்காப்பு எண் 35. ஃபிளாஷ்ஓவருக்கு ஒப்பான வெப்பத்தில் ஏறத்தாழ 17.5 நொடிகளில் உள்ளே தோல் இரண்டாம் நிலைத் தீக்காயம் அடையும். அந்த உடை அவருக்குக் கொடுப்பது வெளியே ஓடுவதற்கான அவகாசம் மட்டுமே.

அறை எவ்வளவு சீக்கிரம் இந்த நிலைக்கு வரும்? பாதுகாப்புச் சோதனைகள் நடத்தும் அமெரிக்காவின் யுஎல் நிறுவனம் ஒரே அளவுள்ள இரண்டு வரவேற்பறைகளை அமைத்துக் கொளுத்திப் பார்த்தது. ஒன்றில் பழைய காலத்து மரமும் பஞ்சும் பருத்தியும் கொண்ட தட்டுமுட்டுகள். இன்னொன்றில் இன்றைய கடைகளில் கிடைக்கும் ஃபோம் சோபா, பாலியெஸ்டர் திரை, செயற்கைக் கம்பளம். பழைய அறை ஃபிளாஷ்ஓவர் நிலையை அடைய 29 நிமிடம் 25 நொடி எடுத்துக்கொண்டது. புதிய அறைக்கு 3 நிமிடம் 40 நொடி போதுமாக இருந்தது. அழைப்பு வந்து, உடை மாட்டி, வண்டி ஏறி, தெருவைக் கண்டுபிடித்து வந்து சேர்வதற்குள் புதிய அறையின் கதை முடிந்துவிடும். பாலியூரித்தேன் ஃபோம் பெட்ரோலியத்தில் இருந்து பிறந்தது. அது எரியும் வேகமும் அதற்கேற்றபடி இருக்கிறது.

ஆனால் வேகம் பாதிக் கதைதான். மீதி, காற்று. 1917இல் டபிள்யூ. எம். தார்ன்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். எந்தக் கரிம எரிபொருளை எரித்தாலும், செலவாகும் ஆக்சிஜனை வைத்துக் கணக்குப் பார்த்தால் வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கிலோ ஆக்சிஜனுக்குச் சுமார் 13.1 மெகாஜூல். விறகானாலும் பிளாஸ்டிக்கானாலும் சரி. இது அப்போது பெரிதாக யாருக்கும் பயன்படவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் தீ ஆய்வாளர்கள் இதை எடுத்து, எரியும் பொருளின் வெப்பத்தை ஆக்சிஜன் செலவை வைத்தே அளக்கத் தொடங்கினார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த எண் இதுதான். ஏனென்றால் இதை வைத்துக்கொண்டு ஒரு தாளில் நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

நன்றாக எரியும் ஒரு ஃபோம் சோபா 3 மெகாவாட் வெப்பம் தரக்கூடும். அப்படியானால் நொடிக்கு 0.23 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ காற்று, 800 லிட்டருக்கு மேல். 12 அடிக்கு 12 அடி, 9 அடி உயரமுள்ள அறையை முழுக்க அடைத்துவிட்டால் அதில் உள்ள மொத்தக் காற்றும் முக்கால் நிமிடத்துக்குத்தான் வரும். உண்மையில் அதற்கு முன்பே தீ தள்ளாடத் தொடங்கிவிடும், ஆக்சிஜன் 15 சதவீத அளவுக்கு இறங்கினாலே தழல் நிற்காது. அதனால் இன்றைய வீட்டுத் தீ பல நேரங்களில் எரிபொருள் தீர்ந்து அடங்குவதில்லை. காற்று தீர்ந்து அடங்குகிறது. சோபா பாதி எரிந்திருக்கிறது, அறை கொதிக்கிறது, கூரையடியில் எரியாத வாயு மண்டிக் கிடக்கிறது. கதவு திறக்கும்வரை அது காத்திருக்கும்.

திறப்பவர் பெரும்பாலும் தீயணைப்பு வீரர்தான். அமெரிக்கத் தீயணைப்பில் காற்றோட்டம் கொடுப்பது ஒரு பெருமைமிக்க மரபு. ஜன்னலை உடைப்பது, கோடரியும் ரம்பமும் கொண்டு கூரையில் ஓட்டை போடுவது எல்லாம் புகையையும் வெப்பத்தையும் வெளியேற்றி உள்ளே சிக்கியவரைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. மரத்தட்டுமுட்டு காலத்தில் அது பலித்தது. 2012இல் நியூயார்க் தீயணைப்புத் துறையும், என்ஐஎஸ்டி என்ற அரசு அளவியல் நிறுவனமும், யுஎல்லும் சேர்ந்து நியூயார்க் துறைமுகத்தில் உள்ள கவர்னர்ஸ் தீவில், கைவிடப்பட்ட வரிசை வீடுகளுக்குள் கருவிகளைப் பொருத்தித் தீவைத்துப் பார்த்தார்கள். இந்தச் சோதனைகளிலும் இவற்றையொட்டிய மற்ற ஆய்வுகளிலும் தெரியவந்தது: தண்ணீர் விழாமல் கதவையோ ஜன்னலையோ கூரையையோ திறந்தால், வெளியேறும் வெப்பத்தைவிட உள்ளே வரும் காற்று உண்டாக்கும் வெப்பம் அதிகம். கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலையை வாசற்கதவு செய்துவிடுகிறது. தண்ணீரை வெளியிலிருந்து பாய்ச்சினால் தீ உள்ளே தள்ளப்பட்டுவிடும் என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த பயத்துக்கும் அளவீடுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஜன்னல் வழியே முதலில் சில நொடி தண்ணீர் அடித்துச் சூட்டை இறக்கிவிட்டு உள்ளே போவது பல இடங்களில் நல்ல வழி.

இதை ஏற்றுக்கொள்ள மூத்தவர்கள் பலர் தயங்கினார்கள். முப்பது ஆண்டு அனுபவத்துக்கு எதிராக ஒரு வரைபடத்தைக் காட்டினால் யாருக்கும் கோபம் வரும். கல்லூரி வகுப்புக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் எந்த நிலையத்தின் பழக்கமும் ஒட்டவில்லை.

தூங்கும்போது படுக்கையறைக் கதவை மூடி வையுங்கள் என்று யுஎல் ஆய்வாளர்கள் பிரசாரம் செய்வதும் இதே கணக்கின் மறுபக்கம். அவர்களது சோதனையில் கதவு திறந்திருந்த அறை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது, மூடியிருந்த அறை 40 டிகிரியை ஒட்டியே இருந்தது. ஒரு சாதாரண மரக்கதவு செய்யும் வேலை அது.

அடுத்த தாள் கட்டடம். இதற்கு ஃபிரான்சிஸ் பிரானிகன் என்ற பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையின் தீயணைப்புப் பணியில் இருந்தவர். பின்னாளில் மேரிலாந்தின் மான்ட்காமரி காலேஜ் என்ற சமுதாயக் கல்லூரியில் தீயணைப்பு அறிவியல் கற்பித்தார். தீயணைப்புத் துறைக்காகக் கட்டட அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1971இல் வந்தது. திருத்திய பதிப்புகளாக இன்றும் பாடநூலாக இருக்கிறது. தீயைவிடக் கட்டடத்தைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. தீயால் வலுவிழந்த தரையும் கூரையும் ஆட்களைக் கொல்வதை அவர் விடாமல் எழுதினார்.

அதன் காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். முன்பு தரையைத் தாங்கியது கனமான மர உத்தரம். அது எரிந்தாலும் மேலே கரியாகி, உள்ளே வலுவோடு கொஞ்ச நேரம் நிற்கும். இப்போது அதற்குப் பதிலாக மெல்லிய பலகைத் தண்டு கொண்ட ‘ஐ’ வடிவ உத்தரமும், சிறு சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்த டிரஸ்ஸும் வந்துவிட்டன. டிரஸ்ஸின் மூட்டுகளைப் பிடித்திருப்பது பல்போல் முனைகள் கொண்ட தகரத்தகடு. அந்தப் பல் மரத்துக்குள் இறங்கியிருப்பது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. மரம் அந்த ஆழத்துக்குக் கரியானால் தகடு கழன்று விழும். தீப்பிடிக்காமல் பாரம் தாங்கி நிற்கும் வரை பழைய உத்தரத்துக்கும் புதியதற்கும் வித்தியாசமில்லை. கீழே மறைப்பில்லாமல் தீவைத்து யுஎல் சோதித்தபோது பழைய பாணித் தரை 18 நிமிடங்களுக்கு மேல் தாங்கியது. ‘ஐ’ உத்தரத் தரை 6 நிமிடத்தில் இறங்கியது. கீழ்த்தளத்தில் தீ எரியும்போது மேல்தளத்தில் கால் வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய எண் இது.

கணக்குக்குப் பயந்து தீயணைப்புக்கு வந்தவர்களைப் பம்ப் வகுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ தண்ணீர் 20 டிகிரியில் இருந்து கொதித்து முழுக்க ஆவியாக 2.6 மெகாஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. அதில் பெரும்பங்கு, 2.26 மெகாஜூல், கொதிநிலையில் நீர் ஆவியாக மாறும் அந்த ஒரு படிக்கே போகிறது. கைக்குழாய் ஒன்று நிமிடத்துக்கு 150 கேலன், அதாவது சுமார் 570 லிட்டர் தரும். எல்லாம் ஆவியானால் 24 மெகாவாட்டுக்கு மேல் உறிஞ்சும். எட்டு சோபாக்களுக்குப் பதில் சொல்லும். நடைமுறையில் பெரும்பகுதி தரையில் ஓடிவிடும் என்பது வேறு விஷயம். ஆவியானால் தண்ணீர் 1,700 மடங்கு விரிகிறது. அது தீக்கு உதவாது. ஆனால் வெளியேற வழியில்லாத அறைக்குள் இருக்கும் வீரரை வேகவைத்துவிடும். எனவே எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் அடிப்பது என்பதும் பாடம்.

அந்த 150 கேலனைக் குழாயின் முனையில் உள்ள நாசில் வரை கொண்டுசேர்ப்பது பம்பை இயக்குபவர் பொறுப்பு. தண்ணீர் குழாயில் உரசிக்கொண்டு போவதால் வழியிலேயே அழுத்தம் குறைகிறது. இந்த இழப்புக்கு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம் எளிது: குழாயின் குணக எண்ணை, நூறு கேலன்களில் சொன்ன ஓட்டத்தின் வர்க்கத்தாலும், நூறு அடிகளில் சொன்ன நீளத்தாலும் பெருக்க வேண்டும். ஒன்றே முக்கால் அங்குலக் குழாயின் குணகம் 15.5. இருநூறு அடி நீளம், 150 கேலன் என்றால் 15.5ஐ 2.25ஆல் பெருக்கி, பிறகு 2ஆல் பெருக்க, கிட்டத்தட்ட 70 வருகிறது. பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்வோமே, அதே பிஎஸ்ஐ. நாசிலில் 100 பிஎஸ்ஐ வேண்டுமானால் பம்பில் 170 வைக்க வேண்டும். ஒவ்வொரு மாடி ஏறவும் ஐந்து கூட்ட வேண்டும். இரண்டரை அங்குலக் குழாய்க்குக் குணகம் 2 மட்டும். அதே ஓட்டத்துக்கு இழப்பு 9 பிஎஸ்ஐதான். அப்படியானால் எல்லாவற்றுக்கும் பெரிய குழாயே போதாதா? இழுத்துப் பார்த்தவர் கேட்கமாட்டார். சின்னக் குழாயிலேயே ஐம்பது அடித் துண்டு ஒன்றில் 23 கிலோவுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. நாசிலைத் திறந்தால் அது 34 கிலோ எடையின் விசையோடு ஆளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நாசில் பிடிப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் தோள் கொடுத்து நிற்பது இதனால்தான்.

தீக்குக் காற்று வேண்டும் என்பதுபோல அதை அணைப்பவருக்கும் வேண்டும். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் 4,500 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். எஃகுச் சிலிண்டரின் பளு தாங்காமல் பலர் அதை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போன காலம் உண்டு. 1970களில் நாசா தன் ராக்கெட் தொழில்நுட்பத்தைக் கொண்டு எடை குறைந்த சிலிண்டரை உருவாக்க உதவிய பிறகு அந்த நிலை மாறியது. ‘30 நிமிடம்’ என்று எழுதியிருக்கும் சிலிண்டரில் ஏறத்தாழ 1,200 லிட்டர் இருக்கிறது. நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சுவிடும் ஆளுக்கான கணக்கு அது. இருபது கிலோவுக்கு மேல் சுமந்து, இருட்டில், சூட்டில், குழாய் இழுக்கும் ஆள் 80, 100 லிட்டர் வாங்கிவிடுவார். முப்பது நிமிடம் பன்னிரண்டு பதினைந்தாகச் சுருங்கும். காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் அலாரம் அடிக்கும். அலாரம் அடித்த பிறகு கிளம்புவது தாமதம்; அடிக்கும்போது வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. 30 நொடி அசையாமல் இருந்தால் தானாகவே ஓலமிடும் இன்னொரு கருவியும் உடம்பில் இருக்கும், விழுந்து கிடப்பவரைக் கண்டுபிடிக்க.

இதற்காகவே அகாடமியில் முகமூடிக் கண்ணாடியை மறைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத இருட்டில் தவழவிடுகிறார்கள். ஒரு கை சுவரிலோ குழாயிலோ இருக்க வேண்டும். குழாயின் இணைப்புகளைத் தடவிப் பார்த்தே வாசல் எந்தப் பக்கம், தீ எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரிய வேண்டும். மூடிய இடத்தைக் கண்டால் பதறுகிறவர் யார் என்பது இங்கேதான் வெளிப்படும். பதற்றம் மூச்சை இரட்டிப்பாக்கும். மூச்சு சிலிண்டரைப் பாதியாக்கும். அதனால் இந்தப் பயிற்சியை நான் உடற்பயிற்சி என்று சொல்லமாட்டேன். மாணவர் தன் நுரையீரலின் செலவுக்கணக்கை அறிந்துகொள்வது இது.

கடைசியில் நிஜத் தீ. பயிற்சிக்கென்றே கட்டிய கான்கிரீட் அல்லது இரும்புக் கட்டடத்தில் மரப் பலகைகளையும் வைக்கோலையும் எரிக்கிறார்கள். பெட்ரோலோ டீசலோ ஊற்றக்கூடாது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் தீ மூட்டுவதற்கு முன்பே கட்டடத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து மாணவருக்கு ஒரு பயிற்சியாளராவது வேண்டும். தாக்கும் குழாய்க்கு ஒரு நீர்வழி, அவசரத்துக்கு நிற்கும் குழாய்க்கு வேறொரு நீர்வழி. இந்த விதிகள் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1986இல் வெளியிட்ட என்எஃப்பிஏ 1403 என்ற தரக்குறிப்பில் இருக்கின்றன. அது பிறந்தது 1982இல் கொலராடோ மாநிலத்தின் போல்டரில், ஒரு பழைய கட்டடத்தில் நடந்த பயிற்சித் தீயில் இரண்டு வீரர்கள் இறந்த பிறகு. எழுதிவைத்த பிறகும் மீறல்கள் நிற்கவில்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் உயிருள்ள ஆட்களையே உள்ளே சிக்கியவர்களாக நடிக்கவைத்துத் தீ மூட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் அதில் இறந்தார். பொம்மையைத் தவிர யாரையும் அப்படி வைக்கக்கூடாது என்ற விதி அப்போதே இருந்தது.

தோல் 44 டிகிரியில் வலிக்கத் தொடங்குகிறது, 55இல் கொப்பளிக்கும் அளவுக்குப் புண்ணாகிறது, 72இல் உடனே அழிந்துவிடுகிறது. எரியும் அறையில் மாணவர் மண்டியிட்டுத் தரையோடு ஒட்டி இருப்பார். அவர் முழங்கால் பக்கமும் தலைக்கு மேலும் உள்ள வெப்பத்துக்கு நூற்றுக்கணக்கான டிகிரி வித்தியாசம் இருக்கக்கூடும். எழுந்து நிற்பவரின் முகமூடிக் கண்ணாடி, பாலிகார்பனேட் என்பதால், 150 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும்.

வெளியே வந்ததும் செய்யும் வேலை ஒரு தலைமுறைக்கு முன் யாரும் நினைத்திராதது: உடையின் மேல் சோப்பும் தண்ணீரும் அடித்துத் தேய்த்துக் கழுவுவது. கரி படிந்த உடையும் ஹெல்மெட்டும் அனுபவத்தின் அடையாளம் என்று பெருமையாகப் பார்க்கப்பட்ட தொழில் இது. 2022இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு. ஆனால் அமெரிக்காவில் பணியின்போது நேரும் சாவுகளில் நெடுங்காலமாக முதலிடம் தீக்காயத்துக்கு இல்லை, மாரடைப்புக்கு. சுமையும் சூடும் நீரிழப்பும் சேர்ந்து இதயத்தின் மேல் ஏறுகின்றன.

உடற்தகுதித் தேர்வை அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அதன் கடுமை புரியும். சிபாட் எனப்படும் தேர்வில் எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 நொடிக்குள் முடிக்க வேண்டும். உடம்பில் 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ எடையுள்ள மேலங்கி. முதல் வேலையான படிக்கட்டு எந்திரத்தில் தோளுக்கு இன்னும் 25 பவுண்டு ஏற்றி, நிமிடத்துக்கு 60 படி வீதம் மூன்று நிமிடம் ஏற வேண்டும். பெரும்பாலானவர்களை வடிகட்டுவது இதுதான் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வார்கள். பிறகு குழாய் இழுத்தல், கருவி சுமத்தல், ஏணி தூக்கல், கதவுடைப்பு, இருட்டுச் சுரங்கம், 165 பவுண்டு பொம்மையை இழுத்தல், கூரைப்பலகையைக் குத்தி இழுத்தல். தேறினார், தேறவில்லை என்ற இரண்டுதான், மதிப்பெண் கிடையாது.

இவ்வளவும் தீக்காக. ஆனால் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு மருத்துவ உதவிக்கானவை. தீ என்று வருபவை நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளியலறையில் விழுந்த முதியவர், சாலை விபத்து. அதனால் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான அகாடமிகள் உள்ளே விடுவதற்கு முன்பே அவசர மருத்துவ உதவியாளர் படிப்பைக் கேட்கின்றன. மாநில விதிப்படி அது குறைந்தது 170 மணி நேரம், மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ நேரடி அனுபவம் உட்பட. அதையும் அதே கல்லூரி மாலை வகுப்பில் நடத்துகிறது. பலர் ஆம்புலன்ஸ் நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டேதான் தீயணைப்புத் தாள்களை முடிக்கிறார்கள்.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் வேலை நிச்சயம் என்பதும் இல்லை. 2020 கணக்கின்படி அமெரிக்காவின் தீயணைப்பு வீரர்கள் சுமார் 10.4 லட்சம் பேரில் 6.7 லட்சத்துக்கு மேற்பட்டோர் தன்னார்வலர்கள்; சம்பளத்துக்கு வேலை செய்பவர் 3.6 லட்சம்தான். சம்பள இடங்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன, அவற்றுக்குப் போட்டியும் அதிகம். ஊர் ஊராக எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று அலைய வேண்டும். காத்திருக்கும் காலத்தில் சிலர் கோடையில் காட்டுத்தீ அணைக்கும் பருவகால வேலைக்குப் போகிறார்கள். அதற்குத் தனித் தேர்வு: 45 பவுண்டு பளுவோடு மூன்று மைல் தூரத்தை 45 நிமிடத்தில் ஓடாமல் நடந்தே கடக்க வேண்டும். நகரத் தீயணைப்புத் துறை ஒன்று கடைசியில் எடுத்துக்கொண்டாலும், பெரிய துறைகள் பல, கையில் இருக்கும் சான்றிதழைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, புதியவரைத் தங்கள் சொந்த அகாடமியில் குழாய் பிடிப்பதில் இருந்து மறுபடி தொடங்கவைக்கும். அதன்பின் பெரும்பாலும் ஓராண்டு தகுதிகாண் பருவம்.